மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உயிர்க்குறிப்பான்களைக் கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நோயெதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) உள்ள எல்லோருக்கும் ஒரே மருந்து ஒரே அளவில் பலன் தருவதில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை அறிய இரத்தம், முதுகுத் தண்டுவட நீர், எம்ஆர்ஐ ஸ்கேன் ஆகியவற்றில் கிடைக்கும் உயிர்க்குறிப்பான்கள், அதாவது உடலின் நிலையைக் காட்டும் அளவிடக்கூடிய அடையாளங்கள், உதவுகின்றன. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே பரிசோதனைக்கு எழுத வேண்டும்.

முதலில், நோய் இதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். பார்வை நரம்பில் கடுமையான அழற்சியோ தண்டுவடத்தில் நீளமான தழும்போ இருந்தால், அது எம்எஸ் போலத் தோன்றும் வேறு நோயாக இருக்கலாம் என்பதால், அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆகிய நரம்பு மண்டலப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் செல் அடிப்படையிலான முறையில் சோதிப்பது அவசியம். அக்வாபோரின் எதிர்ப்பொருள் உள்ளவருக்கு இன்டர்ஃபெரான் பீட்டா, நேட்டலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்ற எம்எஸ் மருந்துகள் நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், இந்தப் படியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. இரத்தத்தில் இல்லாமல் தண்டுவட நீரில் மட்டும் தென்படும் ஆலிகோகுளோனல் பட்டைகள் (எதிர்ப்பொருள் புரதங்களின் தடயங்கள்) எம்எஸ் என்ற முடிவுக்கு வலுச் சேர்க்கும்.

அடுத்தது மருந்தின் பாதுகாப்பு. உண்மையில் தனிநபருக்கேற்ற சிகிச்சை இன்று உறுதியாக நடப்பது இங்கேதான். நேட்டலிசுமாப் தருவதற்கு முன் ஜேசி வைரஸ் எதிர்ப்பொருள் குறியீட்டைப் பார்க்க வேண்டும், அது 1.5க்கு மேல் இருந்து, சிகிச்சையும் 2 ஆண்டுகளைத் தாண்டினால், அந்த வைரஸால் வரும் பிஎம்எல் என்னும் மூளைத் தொற்றுக்கான அபாயம் கூடுகிறது. எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். சிப்போனிமாட் என்ற எம்எஸ் மருந்தைத் தொடங்கும் முன், அதை உடல் சிதைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் சிஒய்பி2சி9 (CYP2C9) மரபணுவைப் பார்ப்பது கட்டாயம்: மருந்தை மெதுவாகச் சிதைக்கும் 3ஆம் வகை (*3) இரு பிரதிகளிலும் இருந்தால் மருந்தே கூடாது, ஒரு பிரதியில் மட்டும் இருந்தால், வழக்கமான 2 மி.கி.க்குப் பதிலாகத் தினமும் 1 மி.கி. போதும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய, நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்ற புரதம் பயன்படுகிறது. வயது கூடக்கூட இதன் அளவு ஏறும். உடல் பருமன் இருந்தால் குறைவாகத் தெரியும். சிறுநீரகக் கோளாறும் தலைக்காயமும் இதை உயர்த்தும். ஆகவே ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், சிகிச்சைக்கு முன் ஓர் அளவை எடுத்துக்கொண்டு, அதே ஆய்வகத்தில் அதே முறையில் பின்னர் எடுப்பவற்றை அதனுடன் ஒப்பிட வேண்டும். அளவு ஏறியிருந்தால், மருந்தை உடனே மாற்றாமல், அடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனை முன்கூட்டியே எடுத்துப் புதிய தழும்புகள் உள்ளனவா என்று பார்க்கவும்.