பலாப்பலகையில் ஒரு ஸ்னேர் டிரம்: இருபது துண்டு, ஒன்பது பாகை

பள்ளிக்கூட பேண்டில் 'சைட் டிரம்' என்று தோளில் மாட்டி அடித்தோமே, அதன் குடும்பம்தான் ஸ்னேர் டிரம். மேலே ஒரு தோல், கீழே அதைவிட மெல்லிய தோல், கீழ்த்தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள். மேலே அடித்தால் உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலை உதைக்கும், தோல் கம்பியை உதறும். அந்த 'சர்ர்' சத்தம் அப்படித்தான் வருகிறது.

இதன் மர உடலை, அதாவது ஷெல்லை, மெல்லிய ஒட்டுப்பலகையை வளைத்தும் செய்வார்கள். அதற்கு அச்சும் அழுத்தமும் வேண்டும். வீட்டில் செய்ய எளிது, பீப்பாய் போலத் துண்டுகளை நிறுத்தி ஒட்டுவதுதான். இங்கே செய்யப்போவது 14 அங்குல டிரம், உயரம் ஐந்தரை அங்குலம்.

மரம்

எனக்குப் பலா பிடிக்கும். கண்டி மேளமான கெட்ட பெரவுக்கும் பலாவைக் குடைவார்கள். ஆனால் பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் பழைய கதவு நிலை, உடைந்த கட்டில் சட்டம் என்று தேடுங்கள். அவை பல வருடம் காய்ந்தவை. ஆணி இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள், வாளின் பல் போய்விடும்.

என் முதல் டிரம்முக்கு ஒரு மரக்காலையில் 'நல்லா காஞ்சது' என்று சொன்ன பலகையை நம்பி வாங்கினேன். அட்டன் பக்கம் ஆடி மாத மழையில் எது காயும்? தை மாத வெயில் வந்ததும் மூன்று இடத்தில் ஒட்டு பிளந்தது. இப்போது துண்டுகளை வெட்டி, வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுக்கிறேன். எடை குறைவது நின்ற பிறகுதான் பசையைத் திறப்பேன்.

வெட்டுவது

20 துண்டுகள். ஒவ்வொன்றும் 150 மில்லிமீற்றர் நீளம், 57 அகலம், 20 தடிப்பு. வீணாவதையும் சேர்த்து 4 மீற்றர் பலகை போதும். நீளப் பக்கம் இரண்டையும் 9 பாகை சாய்த்து வெட்ட வேண்டும். ஒரு மூட்டில் இரண்டு சாய்வு, ஆக 18 பாகை. இருபது மூட்டுக்கு 360. அரைப் பாகை பிசகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நாற்பது வெட்டிலும் அரை அரையாகச் சேர்ந்து கடைசியில் 20 பாகை இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். மேசை வாள் இல்லாவிட்டால் தச்சு பாஸ் யாரிடமாவது கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். இதில் ரோஷம் வேண்டாம்.

ஒட்டுவது

அகலமான முகம் மேலே தெரிய வரிசையாக அடுக்கி, குறுக்கே டேப் ஒட்டிப் பாயைப் போலச் சுருட்டுங்கள். பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்ப்பது கட்டாயம்.

ஒரே மூச்சில் முழு வட்டத்தையும் ஒட்டாதீர்கள். பத்துப் பத்தாக இரண்டு அரை வட்டம் ஒட்டுங்கள். அவை சந்திக்கும் இரண்டு இடத்திலும் பசை வேண்டாம். வட்டத்தைச் சுற்றி பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினால் போதும், கிளாம்ப் தேவையில்லை. காய்ந்ததும் பிரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சாண்ட் பேப்பரில் அரை வட்டத்தின் முனைகளைத் தேய்த்தால், வெட்டில் விட்ட சிறு பிழைகள் அங்கே சரியாகும். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒட்டலாம்.

வெள்ளைப் பசைக்குக் குளிர் ஆகாது. நுவரெலியா மாதிரி இடமென்றால் பகலில் ஒட்டி, இரவில் அடுப்படிப் பக்கம் வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

உருட்டுவது

ஒட்டுப்பலகையில் 352 மில்லிமீற்றர் வட்டம் வெட்டி வைத்துக்கொண்டு, அந்த அளவு வரும்வரை வெளிப்பக்கத்தைச் சீவுளியால் சீவுங்கள். தோலை மாட்டினால் அது ஒரு விரலால் சுழல வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளேயும் குடைந்து சுவரை 10 மில்லிமீற்றருக்குக் கொண்டு வாருங்கள். மரம் குடையும் மின்கருவியான ரௌட்டர் இருந்தால் அரை நாள் வேலை, இல்லையென்றால் தோள் வலிக்கும்.

விளிம்பு

டிரம்மின் குரல் பாதி இங்கேதான். முதலில் ஷெல்லை ஐந்தரை அங்குல உயரத்துக்கு வெட்டி, இரண்டு பக்கத்தையும் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கரண்ட் போன இரவு இதற்கு நல்ல நேரம்: ஷெல்லுக்குள் டோர்ச்சை வைத்து, தகட்டில் கவிழ்த்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். கசிவு நின்ற பிறகு உள்பக்கம் 45 பாகை சரிவு வெட்டி, வெளி ஓரத்தை லேசாக மழுக்குங்கள்.

கீழ் விளிம்பில் மட்டும், எதிரெதிரே இரண்டு இடத்தில், கம்பிகள் கடந்து போக ஆழமில்லாத பள்ளம் வேண்டும். நடுவில் ஒன்றரை மில்லிமீற்றர் போதும். இரு பக்கமும் மெல்ல ஏற வேண்டும். ஆழமானால் தோல் சுருங்கும்.

பூட்டுவது

வெளியே போலவே உள்ளேயும் பொலிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் மரம் கோணும். தோலை இறுக்கும் ஆணிகள் திருகி ஏறும் உலோகத் துண்டுதான் லக். எட்டு லக் பொருத்த அளவுகோலே வேண்டாம்: ஷெல்லைச் சுற்றிய காகிதப் பட்டையை மூன்று முறை மடித்தால் எட்டுக் கோடு கிடைக்கும். கம்பியை இழுக்கும் ஸ்ட்ரெய்னரும் அதன் எதிர்த்துண்டும் அந்தப் பள்ளங்களுக்கு நேராக, இரண்டு லக்குக்கு நடுவில். காற்றுக்கு 12 மில்லிமீற்றரில் ஒரு துளை. துளைக்கும்போது உள்ளே கட்டை வைத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மரம் சிம்பு பறக்கும்.

லக்கில் ஏறும் ஆணிகளை வரிசையாக முறுக்காமல், எதிரெதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்குங்கள். கீழ்த்தோல் மேலதைவிடச் சற்று இறுக்கமாக இருக்கட்டும். கம்பியை அளவுக்கு மீறி இழுத்தால் சத்தம் தொண்டை அடைத்ததுபோல் வரும். தப்பு மேளம் மாதிரி நெருப்பில் காட்ட வேண்டாம். இது பிளாஸ்டிக் தோல், உருகிவிடும்.

தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருப்பவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் சரிபார்க்காதீர்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.