சிரிப்புப் படக்கதையில் பாதுகாப்புப் பாடம்: எங்கே சறுக்குகிறோம்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆபத்துகள் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகின்றன. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி, மழை பெய்தால் நிரம்பி ஓடும் லோங்காங் என்கிற சாக்கடை, இப்போதுதான் நிறுத்திய மோட்டாரின் சூடான புகைக்குழாய், கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்த, களைக்கொல்லி தெளிக்கும் மருந்துப் பம்பு. அதட்டினால் பிள்ளை அந்த நேரத்துக்கு மட்டும் அடங்கும். சிரிக்க வைக்கும் படக்கதை என்றால், 'இன்னொரு தடவை வாசிங்க டீச்சர்' என்று தானே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும். நல்ல வழிதான். ஆனால் சிரிப்பு விழுகிற இடம் தப்பினால் பாடமும் தப்பிவிடும்.

ஒரு யானைக்குட்டி மேசை விரிப்பைத் துதிக்கையால் இழுக்கிறது என்று வையுங்கள். கோப்பை பறக்கிறது, தே தாரிக் என்கிற பால் தேநீர் வானவில்லாக வளைகிறது, தாத்தாவின் வழுக்கைத் தலையில் ரொட்டி சானாய் வந்து உட்காருகிறது. இரண்டு பக்கத்துக்கும் பரந்த படம். அடுத்த பக்கத்தின் மூலையில், சின்னதாக, கட்டுப் போட்ட துதிக்கையோடு குட்டி அழுகிறது. மூன்று வயதுப் பிள்ளை எதைப் பார்க்கும்? வானவில்லைத்தான். மாலையில் வீட்டு மேசை விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதே கதையில், விரிப்பை இழுக்க ஆசைப்பட்ட குட்டி தன் துதிக்கையைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, துணிக் கூடைக்குள் 'பொத்' என்று விழுந்தால்? சிரிப்பு அப்படியே இருக்கும். விலகிப் போவதுதான் வேடிக்கையாகிவிடும். புத்தகம் வாங்கும்போது பெரிய படம் எதைக் காட்டுகிறது என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், அந்தப் பெரிய பக்கத்தில் நிறுத்தி, "கோப்பைக்குள்ள என்ன இருக்கு? சூடா, ஜில்லுன்னா?" என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள்.

வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே வாசிப்பதில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவிலும் தைவானிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்கே வரைந்த கதையில் சாலையைக் கடக்கும் முயல் முதலில் இடப்பக்கம் பார்க்கும். நமக்கு வண்டி இடப்பக்கம் ஓடுவதால், சாலையில் கால் வைத்ததும் முதலில் வருவது வலப்பக்கத்திலிருந்துதான். வலது, இடது, மறுபடியும் வலது. வாசிக்கும்போதே மாற்றிச் சொல்லுங்கள். படம் இடிக்கிறது என்றால் 'முயல் நம்ம ஊருக்குப் புதுசு' என்று சொல்லிச் சமாளிக்கலாம், பிள்ளைகள் அதற்கும் சிரிப்பார்கள். அப்புறம், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில்தான் கடக்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்தால், கோடே இல்லாத தோட்டத்துச் செம்மண் சாலையில் பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் சாலை ஓரத்துக்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். லோரி ஓட்டுநர் உயரத்தில் இருப்பதால், வண்டிக்கு ஒட்டி முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை அவர் கண்ணில் படாது. இதைச் சொல்லும் புத்தகம் கிடைப்பது அரிது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லாப் பாத்திரமும் மிருகமாகவே இருப்பதும் யோசிக்க வேண்டியது. டொராண்டோவில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்டவர்கள் பிறகு கூடுதலாகப் பகிர்ந்தார்கள். சட்டை போட்ட மிருகங்களோடு கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அது பாதுகாப்பைப் பற்றிய ஆய்வு அல்ல. இருந்தாலும், யானைக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும் என நம்பிவிட முடியாது. நாலு யானைக் கதைக்கு நடுவே லயத்து வீட்டுப் பையன் ஒருவன் வரும் கதையும் இருக்கட்டும்.

குத்தல் பேச்சை விட்டுவிடுங்கள். "ஆமா, நல்லா ஏறு, விழுந்தா ஜாலிதான்" என்றால் பெரியவர்களுக்குப் புரியும். ஐந்து வயதுக்குப் பெரும்பாலும் அது அனுமதி. கதையில் வரும் அசடைக் காட்டி "இது நம்ம தம்பி மாதிரியே" என்பதும் வேண்டாம், அந்தப் புத்தகத்தை அவன் மறுபடி தொடமாட்டான்.

'தொடாதே'யோடு நிற்கும் கதைகள்தான் அதிகம். தொட்டுவிட்டால் என்ன செய்வது? புகைக்குழாய் சுட்டால் குழாயடிக்கு ஓடி, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) தடவ வேண்டாம். ஓடுகிற காட்சியை எவ்வளவு கோமாளித்தனமாக வரைந்தாலும் தப்பில்லை.

எந்தச் சிரிப்பாலும் ஆகாத இடம் ஒன்று உண்டு. மீந்த களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் மற்ற மருந்துகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. இனிப்புத் தண்ணீர் போத்தலைக் கண்ட மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை ஞாபகம் வராது. மருந்து அதன் சொந்தப் போத்தலில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அதையும் மீறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப்போங்கள்.