தேன் அடியில், எண்ணெய் மேலே: வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

உயரமான கண்ணாடி டம்ளரில் சத்தியமங்கலம் மலைத்தேனை இரண்டு விரற்கடை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் பின்புறம் வழியாகத் தண்ணீரையும், கடைசியாகக் காங்கேயம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயையும் மெதுவாக விடவும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம் எடையிருக்க, அதே அளவு தேன் சுமார் 1.4 கிராமும் எண்ணெய் சுமார் 0.92 கிராமும் இருப்பதால், மூன்றும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும்.

கெட்டியான திரவம் மூழ்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. தண்ணீரைவிடப் பன்மடங்கு கொழகொழப்பான விளக்கெண்ணெயை வேறொரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 0.96 கிராம் எடையே உள்ள அதுவும் மிதக்கும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தாலும் மேலேயே கிடக்கும். முதல் டம்ளரைக் கலக்கினால் தேன் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் சிறிது நேரத்தில் மீண்டும் மேலேறும்.