‘ஆல்டர்னேட்டரை மாத்துங்க’ என்று சொல்லாதீர்கள்: கார் மக்கர் செய்தால் புதியவர்கள் செய்ய வேண்டியவை

கார் வாங்கிய புதிதில் நடந்தது இது. காலையில் சாவியைத் திருகினால் ‘டக்... டக்... டக்’ என்று சத்தம் மட்டும் வரும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இரவெல்லாம் நெட்டில் தேடிப் படித்துவிட்டு, மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன்: “ஆல்டர்னேட்டர் போயிருச்சுண்ணே, மாத்திடுங்க.” ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை, மறுபடி டக் டக். கடைசியில் பார்த்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. பத்து நிமிடம் சுரண்டித் துடைத்துக் கிளாம்பை இறுக்கியதும் ஒரே திருகலில் வண்டி கிளம்பிவிட்டது.

ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினாரா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. நான் கேட்டதைச் செய்து கொடுத்தார். வயிற்றுவலி என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்கி விழுங்கியவன் நான். வண்டி என்ன செய்கிறது என்று சொல்வது நம் வேலை. ஏன் அப்படிச் செய்கிறது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதற்குத்தான் அன்று பணம் கட்டினேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

படி 1: நிறுத்துவதா, ஓட்டிக்கொண்டு போவதா?

டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரம்கட்ட வேண்டும்.

சிவப்பிலும் ஆயில் கேன் போன்ற விளக்குக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். அது ஆயில் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்வதில்லை; இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் போதவில்லை என்கிறது. அந்த நிலையில் சில நிமிடங்கள் ஓட்டினாலே பேரிங்குகள் தேய்ந்து இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகிவிடலாம். ‘வீடு பக்கம்தானே’ என்று நினைக்காமல் அங்கேயே இன்ஜினை அணையுங்கள்.

வெப்பமானி சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஏசியை அணைத்துவிட்டு, நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். நிறுத்திய உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தத்தை எடுத்துவிட்டால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பேட்டரியில் மிச்சம் இருக்கும்வரை வண்டி ஓடும். ஆனால் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் அடுத்து இன்ஜின் சூடேறும். ஆகவே வெப்பமானி மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மஞ்சள் நிறச் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப் போகலாம். அது மின்னினால் வேறு கதை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குள் போகிறது; அது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துங்கள்.

படி 2: குறிப்பு எழுதுங்கள்

எனக்கு ஒரே ஒரு படிக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் எழுதுவேன். ‘ஏதோ சத்தம் வருதுண்ணே’ என்று சொன்னால் மெக்கானிக் எங்கிருந்து தொடங்குவார்? வண்டியும் அவர் முன்னால் சமர்த்தாக நிற்கும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். அதனால் சத்தம் வரும்போதே, வண்டியை நிறுத்தியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடேறிய பிறகா? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? முன்பக்கமா, பின்பக்கமா? இன்ஜின் வேகத்தோடு கூடுகிறதா, சக்கர வேகத்தோடு கூடுகிறதா?

கடைசிக் கேள்விக்கு ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம். ஓடினால் மட்டுமே வந்தால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். இதை மட்டும் சொன்னாலே மெக்கானிக்கின் தேடல் பாதியாகக் குறையும்.

சில அடையாளங்கள் கிட்டத்தட்ட எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. பிரேக் பிடிக்கும்போது ‘கீச்’ என்று வந்தால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்துவிட்டதை அறிவிக்கவென்றே வைத்த தகரம் டிஸ்க்கில் உரசுவதாக இருக்கலாம். ‘கர்ர்’ என்று அரைத்தால் பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்று வந்தால் ஆக்ஸில் முனையில் உள்ள சிவி ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். வேகம் கூடக் கூட ஊளையிட்டு, வண்டி லேசாக ஒரு பக்கம் சாயும்போது அந்த ஊளை மாறினால் வீல் பேரிங். 80, 90 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங். பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

புகையும் பேசும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, கறுப்புப்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப்புகை வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி, அதற்குப் பதற வேண்டாம்.

தரையில் ஈரம் தெரிந்தால் இரவு ஒரு அட்டையை வண்டிக்கு அடியில் போட்டு வையுங்கள். நிறமில்லாமல் தண்ணீராக இருந்தால் ஏசி நீர், நிம்மதியாகப் போகலாம். பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் அல்லது பவர் ஸ்டீரிங் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். அதை நாய், பூனை நக்கிவிடாமல் பாருங்கள், பல கூலன்ட்டுகள் விஷம்.

இத்தனையும் எழுதிய பிறகு ஒரு எச்சரிக்கை. இவை உங்களுக்குத் தைரியம் தரத்தான். ஒர்க்‌ஷாப்பில் போய் ‘பேரிங் போயிருச்சு’ என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. சொன்னால் என் கதைதான்.

படி 3: பானட்டைத் திறந்து நீங்களே பார்க்கக் கூடியவை

பேட்டரி முனைகள் முதலில். பூத்திருந்தால், தளர்ந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். துடைக்கக் கழற்றினால் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மல்டிமீட்டர் இருந்தால், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிச் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அன்று இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஆயில் பார்க்க, சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

பிரேக் ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பேட் தேயத் தேய அந்த ஆயில் மட்டம் தானாக இறங்கும். ஆகவே குறைவு என்பது பேட் தேய்வு அல்லது கசிவைக் காட்டுகிறது. ஊற்றி மறைத்துவிட்டால் அந்தத் துப்பு போய்விடும்.

ஏதாவது ஒரு விளக்கோ ஹார்னோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். மாற்றும்போது அதே ஆம்பியர்தான் போட வேண்டும். பெரியது போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

படி 4: ஸ்கேனர் வாங்கியிருந்தால்

ஸ்டீரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாகி, பிறகு மற்ற நாடுகளிலும் பரவிய, வண்டியின் பிழைகளைப் படிக்க உதவும் ஓபிடி 2 முறை அது. சின்ன புளூடூத் கருவியை அதில் செருகினால் போனில் பிழைக் குறியீடு வரும்.

அந்தக் குறியீடு எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. உதாரணமாக பி0171 வந்தால் எரிபொருளைவிடக் காற்று அதிகம் என்று மட்டும்தான் பொருள். அதைப் பார்த்ததும் பலர், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் பாவம், அந்தச் சென்ஸார்தான் உண்மையைச் சொன்ன சாட்சி. காற்றுக் குழாயில் கீறல், அழுக்கான காற்றளவுச் சென்ஸார், பலம் குறைந்த ஃபியூயல் பம்ப் எதுவாகவும் இருக்கலாம்.

குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். பிழை வந்த நேரத்து வேகம், வெப்பம் போன்ற விவரங்களும் அதோடு அழிந்துவிடும். மெக்கானிக்குக்கு அவைதான் தேவை.

படி 5: ஒர்க்‌ஷாப்பில் பேசுவது

எந்த ஒர்க்‌ஷாப் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கம்: வாரண்டி இருக்கும்வரை அதன் விதிகளை முதலில் படியுங்கள், முடிந்த பிறகு, உங்கள் மாடலைத் தினமும் பார்க்கும், கேட்ட கேள்விக்கு எரிச்சல்படாத இடம். சின்ன வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய வேலைக்குப் போங்கள்.

போனதும் இப்படிச் சொல்லலாம்: “அண்ணே, காலையில முதல் ஸ்டார்ட்ல பிரச்சினை இல்ல. அரை மணி நேரம் ஓட்டினப்புறம், 60ல போறப்ப, இடது பக்கம் திரும்பினா முன்னாடி வலது பக்கம் ஊளைச் சத்தம் வருது. ரெண்டு வாரமா இருக்கு. என்னன்னு பாருங்க, பார்த்துட்டு போன் பண்ணுங்க. நான் சொன்னப்புறம் வேலைய ஆரம்பிங்க.”

கடைசி இரண்டு வாக்கியங்கள் முக்கியம். சோதனைக்கு மட்டும் தனியாகக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குக் கூலி தர மறுத்தால், ஊகத்தில் மாற்றும் பார்ட்டுகளுக்குத் தருவோம்.

வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கிலோமீட்டர் அளவையும், வண்டியின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

படி 6: போன் வரும்போது

‘இதையும் மாத்தணும் சார்’ என்று அழைப்பு வரும். உடனே சந்தேகப்படவும் வேண்டாம், சரி என்று சொல்லவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இப்போது மாற்றாவிட்டால் என்ன ஆகும்? அளவு எவ்வளவு இருக்கிறது? புது பிரேக் பேட் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றலாம். 6 இருந்தால் பொறுக்கலாம்.

கூடுதல் வேலை எல்லாமே பில்லை ஏற்றும் தந்திரம் ஆகாது. டைமிங் பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டால் ஓடுவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் மாற்றச் சொல்வது நியாயம். பார்ட் விலையைவிட, கழற்றி மாட்டும் கூலிதான் அங்கே பெரிது. கிளட்ச் பிளேட்டோடு பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் அப்படித்தான். பிரேக் பேடை ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாமல் அதே அச்சின் இரண்டு பக்கமும் மாற்றுவதும் சரியே. உங்கள் புகாருக்குச் சம்பந்தமே இல்லாமல் வரும் ‘இன்ஜின் ஃபிளஷ்’, ‘இன்ஜெக்டர் கிளீனிங்’ போன்றவற்றுக்கு நான், “அடுத்த சர்வீஸ்ல பார்ப்போம்” என்று சொல்லிவிடுவேன். பிரேக், ஸ்டீரிங், டயர், எரிபொருள் கசிவு, இன்ஜின் சூடேறுவது ஆகிய ஐந்திலும் அடுத்த முறை என்ற பேச்சே இல்லை.

கழற்றிய பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நான் அன்று கேட்கவில்லை. நல்ல நிலையில் இருந்த என் ஆல்டர்னேட்டர் எந்தப் பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறதோ.

படி 7: வண்டியை எடுக்கும்போது

பணம் கட்டும் முன் ஓட்டிப் பாருங்கள். குறிப்பில் எழுதிய அதே வேகம், அதே திருப்பம், அதே அளவு சூடு. அரை மணி நேரம் கழித்து வரும் சத்தத்தை ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று சுற்றிக் கண்டுபிடிக்க முடியாது. பில்லில் பார்ட்டும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். பார்ட்டுக்கு வாரண்டி எவ்வளவு நாள் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

அதே புகார் திரும்ப வந்தால் சண்டைக்குப் போகாமல் அதே ஜாப் கார்டோடு போங்கள். இந்த முறை வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து நீங்களே ஓட்டுங்கள். சத்தம் வரும்வரை பேச்சு வேண்டாம், ரேடியோவையும் அணைத்துவிடுங்கள். வந்ததும், “இதுதாண்ணே” என்று மட்டும் சொல்லுங்கள்.