பெரிகோன் டீ: நிறைய பேர் பண்ற தப்புகள்

மெக்சிகோ, குவாத்தமாலா மலைப்பக்கம் தானா முளைக்கற பெரிகோன்ங்கற மூலிகைச் செடி நம்ம செண்டுமல்லிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ரெண்டுமே டாஜெட்டஸ்ங்கற பேரினம்தான். பெரிய தப்பே இங்கதான் நடக்குது, மாரிகோல்டு டீன்னு எங்கயாவது பாத்துட்டு, மாரிகோல்டுன்னா செண்டுமல்லிதானேன்னு வாசல்ல பூத்த செண்டுமல்லியப் பறிச்சுப் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு வேணாம். பெரிகோன் இலை ஒல்லியா நீளமா, ஓரத்துல பொடிப்பொடியா பல்லோட இருக்கும், பூவும் சின்னது, இதழ் பெரும்பாலும் மூணுதான். இலையக் கசக்கிப் பாருங்க, சோம்பு வாசம் அடிக்கணும், செண்டுமல்லி மாதிரி நெடி வந்தா அது வேற செடி.

அடுத்தது கொதிக்க விடறது. நம்ம கைக்கு டீன்னாலே தளதளன்னு கொதிச்சாத்தான் திருப்தி, ஆனா இந்த வாசமே இலையில இருக்கற எண்ணெய்தான், திறந்த பாத்திரத்துல கொதிச்சா ஆவியோட போயிடும் அப்புறம் வெறும் பச்சைத் தண்ணிதான் மிச்சம். தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு இலையப் போட்டு தட்டு வச்சு மூடி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விட்டா போதும், பாலும் வேணாம். மெக்சிகோல இளஞ்சோளம் வேகற பானையில ஒரு கொத்து போடுவாங்களேன்னு கேக்கலாம், அங்க கொத்தாவே போடறாங்க, சோளமும் அந்த வாசத்த இழுத்துக்கும், அது வேற கணக்கு.

பிரெஞ்சு டாரகன்னு சோம்பு வாசம் அடிக்கற ஒரு சமையல் மூலிகை இருக்கு, அது வெயில் ஊர்ல தாங்காது, அதனால சாஸ், சிக்கன்லாம் பண்றவங்க பதிலுக்கு இதப் போடறாங்க. நல்ல யோசனைதான், ஆனா ஆரம்பத்துலயே போடாதீங்க, இறக்கறப்ப போடுங்க. காயவைக்கறதா இருந்தா நிழல்லதான், மொட்டை மாடி வெயில்ல போட்டா வாசம் போயிடும்.

இயற்கைதானேன்னு தினமும் லிட்டர் கணக்குல குடிக்கறதும் தப்பு. இதுல எஸ்ட்ராகோல்ங்கற வேதிப்பொருள் இருக்கு, அதத் தனியா எலிகளுக்கு நிறைய குடுத்தப்ப கல்லீரல்ல கட்டி வந்திருக்கு. எப்பவாவது ஒரு கப் வேற விஷயம், கர்ப்பமா இருக்கறவங்களும் சின்னக் குழந்தைங்களும் தவிர்த்துடுங்க.

மெக்சிகோல மொரேலோஸ் மாநிலத்துப் பக்கம் செப்டம்பர் 28 அன்னைக்கு இந்தப் பூவுல சிலுவை கட்டி கெட்டது உள்ள வரக்கூடாதுன்னு வீட்டு வாசல்லயும் சோளக்காட்டு மூலையிலயும் வைப்பாங்க. அப்படிப் பறிக்கறவங்களும் சரி தொட்டியில வளர்க்கறவங்களும் சரி, வேரோட பிடுங்காதீங்க, தண்டோட மேல்பகுதிய மட்டும் வெட்டினா வேர்ல இருந்து மறுபடி துளிர்க்கும். தண்ணி மட்டும் தேங்கக்கூடாது, வேர் அழுகிடும்.