அம்பாசடரின் பின் டிரம் கழன்ற கதை

மழைக்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டபடியே நிறுத்தி வைத்தது என் தப்புதான். ஜாக்கி வைத்துத் தூக்கினால் அம்பாசடரின் பின்சக்கரம் இரண்டும் அசையவே இல்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்சக்கரங்களையும், அவற்றோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் மாதிரியான பிரேக் டிரம்மின் ஸ்க்ரூக்களையும் கழற்றி, ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) சுற்றித் துருப்பிடித்த இடத்தில், துருவை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். இடது டிரம் மரக்கட்டை வைத்து நாலு தட்டு தட்டியதும் வந்துவிட்டது. வலதுதான் படுத்தியது, அரை அங்குலம் வந்து நின்றுகொண்டது. அப்புறம்தான் புரிந்தது: துரு இல்லை, தேய்ந்த டிரம்மின் ஓரத்து வரப்பில், உள்ளிருந்து டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ மாட்டியிருக்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்தினேன், டிரம் கையோடு வந்தது. விளிம்பில் மட்டும் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். உள்ளே இருந்த கறுப்புத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். ஷூவின் மேல் இருக்கும் பழைய லைனிங்கில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.