ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத பந்துகள்

பிப்ரவரி பிறந்தால் டாலஸ் பக்கம் பேஸ்பால் மைதானங்கள் விழித்துக்கொள்ளும். போன வாரம் பக்கத்து மைதானத்தில் ஒரு புதுக் கோச், நம்மூர்க்காரர்தான், தன் 11 வயது மகனுக்கு எதிரே பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னை நீட்டிக்கொண்டு "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். என்னுடைய கன் இன்னும் மலிவானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடம்பைச் சூடேற்றிக்கொண்டு எறிய வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பையன்களின் எறியும் கை விஷயத்தில் கோச்சுகள் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டத்தில் எறிந்ததை மட்டும் எண்ணுவது

சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகில் 2007 முதல் பந்துக் கணக்கு விதி உண்டு. 11, 12 வயதுப் பிட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவன்) ஒரு நாளைக்கு 85 பந்துதான் எறியலாம். 51 முதல் 65 வரை எறிந்தால் மூன்று நாள் ஓய்வு, 66-ஐத் தொட்டால் நான்கு நாள். 41 பந்து எறிந்தவன் அன்றைக்கு கேட்சராக, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, உட்காரக் கூடாது. கேட்சரும் பிடித்த பந்தை நாள் முழுக்கத் திருப்பி எறிந்துகொண்டே இருப்பவன் அல்லவா!

என் இரண்டாவது சீசன். சனிக்கிழமை காலை, என் அணியின் 12 வயதுப் பையன் ஒருவன் நான்கு இன்னிங்ஸ், 58 பந்து. புத்தகத்தில் 58-ஐ வட்டம் போட்டு, மூன்று நாள் ஓய்வு என்று அவன் அப்பாவிடமும் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். வாரா வாரம் இதே கதைதான்.

அந்தச் சனிக்கிழமையின் உண்மைக் கணக்கு இது. ஆட்டத்துக்கு முன் தயாராவதற்கு 30 பந்து. ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் எட்டு, நான்கு இன்னிங்ஸுக்கு 32. ஆக 120. மதியம் ஊர் ஊராகப் போய் ஆடும் வேறொரு டிராவல் அணிக்குக் கேட்சர். அது வேறு அணி, வேறு புத்தகம், விதி அங்கே எட்டாது. ஞாயிற்றுக்கிழமை தனிப் பயிற்சியாளரிடம் இன்னும் 40. அந்தப் பயிற்சியாளருக்கு என் 58 தெரியாது, எனக்கு அவருடைய 40 தெரியாது.

மூன்று வாரம் கழித்து, வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டில் பார்க்கிறேன், சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை இடது கையில் பிடித்துப் பல்லால் கிழிக்கிறான். வலது கை மடியில் கிடக்கிறது. "வலிக்குதாடா?" "ஒண்ணுமில்ல கோச்." முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டை விரலால் லேசாகத் தொட்டேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பெரியவர்களுக்கு அந்த இடத்தில் தசைநார் கிழியும். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அறுவை சிகிச்சை அதற்குத்தான். சிறுவர்களுக்கு எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் முதலில் அடிவாங்குவது அதுதான். ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். சீசன் முடிந்தது.

இன்றைக்கும் எரிச்சல் வருவது எதற்கென்றால், யாருமே விதியை மீறவில்லை. மூன்று பேர் மூன்று கணக்கு வைத்திருந்தோம், எல்லாம் சரி. முழங்கை மட்டும் ஒன்று.

இப்போது ஞாயிறு இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி அனுப்புகிறேன்: இந்த வாரம் எங்கெல்லாம் எறிந்தான்? சில அப்பாக்கள் குறைத்துச் சொல்கிறார்கள். பையனிடம் தனியாகக் கேட்டால் சரியான எண் வந்துவிடும்.

தொழில்முறை அணிகள், பிட்சர்கள் கையைச் சூடேற்றும் இடமான புல்பென்னில் எறிவதைக்கூட எழுதிவைக்கின்றன. பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது. 2010-லேயே அதே முழங்கை அறுவை சிகிச்சை. 2012-இல் அணி முதலிடத்தில் இருந்தபோதே, 159⅓ இன்னிங்ஸோடு அவரை உட்கார வைத்தார்கள். பிளேஆஃபில் அணி தோற்றது, ஊரே திட்டியது. 2019 வேர்ல்ட் சீரிஸ் இறுதிச் சுற்றில் அவர்தான் சிறந்த வீரர். ஆனால் அதற்கப்புறம் அவர் ஆடியது எட்டே ஆட்டம். கணக்கு வைத்தால் கை பிழைக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஆனாலும் நான் வைக்கிறேன்.

ரேடார் கன்

தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின், அதாவது வேகப் பந்தின், சராசரி வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2. காயங்களைப் பற்றி மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதைத்தான் பெரிய காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. கன்னைக் கார் டிக்கியில் போடுங்கள்.

அடிவாங்கும் பந்தை ஒளித்துவைப்பது

ஃபாஸ்ட்பாலை மட்டும் வைத்து 12 வயதில் எல்லோரையும் வீழ்த்தலாம். ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் எறியும் ஸ்டார்ட்டராக வளர வேண்டியவன் அதே பேட்ஸ்மேன்களை ஒரே ஆட்டத்தில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சந்திக்க வேண்டும். அப்போது வேறு பந்து வேண்டும். ஃபாஸ்ட்பால் போலவே கையை வீசினாலும் மெதுவாக வரும் சேஞ்ச்அப் முதல் வருஷம் கண்டபடி அடிவாங்கும். உடனே கோச் "அது வேண்டாம்" என்று சைகை காட்டுவார். நானும் காட்டியிருக்கிறேன், ஒரு கோப்பைக்காக. அந்தக் கோப்பை இப்போது கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது.

பிட்சர் யோஹான் சான்டானாவை மினசோட்டா அணி 2002-இல் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பி, ஆட்டங்களிலேயே சேஞ்ச்அப்பை எறிய வைத்தது. 2004-இலும் 2006-இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கு. எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: 2021 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட பிட்சர் ஜாக் லைட்டர், 2022-இல் இரண்டு படி கீழே உள்ள ஃப்ரிஸ்கோவின் டபுள்-ஏ அணியில் நன்றாக அடிவாங்கினார். மேஜர் லீகில் அவர் காலடி வைத்தது 2024 ஏப்ரலில்தான். சம்பளம் வாங்கும் ஆட்களாலேயே காத்திருக்க முடிகிறது, நமக்கென்ன அவசரம்?

கர்வ்பால்

வளைந்து இறங்கும் அந்தப் பந்துக்கு மீசை அரும்பட்டும்.

குளிர்காலத்திலும் எறிய வைப்பது

டெக்சாஸில் நவம்பரிலும் மைதானம் காய்ந்திருக்கும், அதுதான் வம்பு. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, வருஷத்தில் நான்கு மாதம் கைக்கு ஓய்வு என்கிறது. கூடைப்பந்து ஆடட்டும்.

அந்தப் புதுக் கோச்சிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தம்பி வேற டீம்லயும் ஆடுறானா என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டுல ஆடுறான். ஏன் சார்?"